எமி, இபூ, அவற்றின் பேரன் பேத்திகள்: சுமத்ரா காண்டாமிருகத்தின் நாற்பது வருடக் கணக்கு

2001 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டி உயிரியல் பூங்காவில், சுமத்ரா காண்டாமிருகக் கன்று ஒன்று பிறந்தது. நியூயார்க் கோபுரங்கள் விழுந்து இரண்டே நாள். டிவி முழுக்கப் புகையும் இடிபாடும் ஓடிக்கொண்டிருந்தபோது இந்தச் செய்தியை யார் கவனித்திருப்பார்கள்? ஆனால் உயிரியல் பூங்காக்காரர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. இந்த இனத்தில் பூங்காவிலேயே சினையாகி, பூங்காவிலேயே பிறந்து பிழைத்த முந்தைய கன்று 1889இல் கல்கத்தா அலிப்பூரில் பிறந்தது. இடையில் 112 வருடம்!

உயிரியல் பூங்காக்களில் இனப்பெருக்கம், விலங்குப் பரிமாற்றம், புது வளாகம் கட்டுவது என்று பேசும்போதெல்லாம் பாண்டா, வெள்ளைப் புலி என்றே பேச்சு போகும். எனக்கு இந்த ஒரு இனத்தின் கதையே போதும் என்று தோன்றும். செய்யக்கூடிய தவறு எல்லாவற்றையும் செய்து, அதற்கான விலையையும் கொடுத்து, கடைசியில் கொஞ்சம் சரியாக்கிக்கொண்ட கதை இது. இவ்வளவு நஷ்டத்துக்கும் எண்ணிக்கை குறைந்துபோனதுதான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். என் கட்சி வேறு. குறைவாக இருந்தது உண்மைதான், ஆனால் இருந்த கொஞ்சத்தையும் ஆளுக்கொன்றாக, நாட்டுக்கு இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில்தான் முக்கால்வாசி நஷ்டம்.

முதலில் விலங்கைப் பற்றி. உலகத்தில் உள்ள ஐந்து காண்டாமிருக இனங்களில் இதுதான் ஆகச் சிறியது. உடம்பில் செம்பழுப்பு முடி, இரண்டு கொம்பு, அடர்ந்த மழைக்காட்டு நிழலில் தனியாகத் திரியும் வழக்கம், பகலில் பாதி நேரம் சேற்றுக் குழியில் கிடப்பது. காசிரங்காவில் புல்வெளியில் நிற்கும் நம் ஒற்றைக்கொம்பனோடு இதை ஒப்பிடவே முடியாது. ஒருகாலத்தில் இதுவும் நம்மூர்க்காரன்தான். அசாம், நாகாலாந்து, மணிப்பூர் மலைகளில் இருந்திருக்கிறது. சிட்டகாங் பக்கம் பிடிபட்ட 'பேகம்' என்ற பெண் 1872இல் லண்டன் பூங்காவுக்குப் போய் 1900 வரை உயிரோடு இருந்தது. அலிப்பூரில் கன்று பிறந்தபோது அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் ராம்பிரம்ம சன்யால், பூங்காக்களில் விலங்குகளை எப்படிப் பராமரிப்பது என்று 1892இலேயே கையேடு எழுதிய மனிதர். அவருக்கு அப்புறம் அந்தக் கைப்பக்குவம் எங்கே போனது என்று தெரியவில்லை, ஒரு நூற்றாண்டுக்கு யாராலும் அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை.

பிடித்தார்கள், பிரித்தார்கள்

1984 அக்டோபரில் சிங்கப்பூரில் ஒரு கூட்டம். காடு அழிகிறது, கொம்புக்காக வேட்டை நடக்கிறது, எப்படியும் அழிந்துவிடும் என்ற நிலையில் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பவற்றையாவது பிடித்துவந்து பூங்காக்களில் பெருக்கலாம் என்று முடிவானது. யோசனையில் தப்பில்லை. அமெரிக்கப் பூங்காக்கள் நான்கு சேர்ந்து ஒரு அறக்கட்டளை தொடங்கின, இங்கிலாந்தில் போர்ட் லிம் பூங்கா இறங்கியது, மலேசியாவில் தீபகற்பம் ஒரு பக்கம், சபா மாநிலம் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாகப் பிடிக்க ஆரம்பித்தார்கள். குழி வெட்டி, இலை மூடி, விலங்கு விழும்வரை காத்திருந்து எடுப்பதுதான் முறை. 1984க்கும் 1996க்கும் இடையில் பிடித்தவை மொத்தம் 40.

இந்த நாற்பதை இந்தோனேசியா, மலேசியா, இங்கிலாந்து, அமெரிக்கா என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். பங்கு போடும்போது எந்த ஆண் எந்தப் பெண்ணோடு போகிறது, ஜோடி சேருமா, வயதென்ன என்பதைவிட எந்த நாட்டுக்கு எத்தனை, எந்தப் பூங்காவுக்கு எது என்பதுதான் பெரிதாக இருந்தது. அதோடு உள்நாட்டில் வேட்டையைத் தடுக்க வேண்டிய வேலையும் பின்னுக்குப் போனது. ஆலன் ராபினோவிட்ஸ் என்ற காட்டுயிர் ஆய்வாளர் 1995இலேயே இதை வெளிப்படையாகத் திட்டி எழுதினார்: பிடிப்பதைப் பெரிய சாதனையாகக் காட்டிக்கொண்டு காட்டைக் காப்பதில் கோட்டை விடுகிறார்கள் என்று. அப்போது பலருக்கு அவர் மேல் கோபம். இப்போது திரும்பிப் பார்த்தால் பாதி நியாயம் அவர் பக்கம்தான். மீதிப் பாதிக்குப் பின்னால் வருகிறேன்.

அமெரிக்காவுக்கு ஏழு போயின. அங்கே நடந்ததுதான் முதல் பாடம், அதுவும் வெறும் சாப்பாட்டு விஷயம். மற்ற காண்டாமிருகங்களுக்குப் போடுவது போல இவற்றுக்கும் உலர்ந்த புல்லும் குதிரைமசாலும் போட்டார்கள். காட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைச் செடி, கொடி, மரங்களின் இலையையும் கொழுந்தையும் ஒடித்துத் தின்னும் விலங்குக்குக் கட்டுக்கட்டாகக் காய்ந்த புல்! ஒவ்வொன்றாக மெலிந்தன, செத்தன. சின்சினாட்டியில் இருந்த ஆண் இபூ சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் படுத்தே விட்டது, இனி அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். இந்த இனம் ஆசியாவில் என்ன தின்னும் என்று தெரிந்த ஒரு பராமரிப்பாளர், அத்தி, ஆல் வகையைச் சேர்ந்த ஃபைகஸ் இலைகளைக் கேட்டார். கலிஃபோர்னியாவிலிருந்து விமானத்தில் கிளைகள் வந்தன. இலையின் வாடை பட்டதும் இபூ எழுந்து தின்ன ஆரம்பித்தது. அதற்கப்புறம் சின்சினாட்டிக்கு ஃபைகஸ் விமானத்தில் வருவது வழக்கமாகிவிட்டது. ஒஹாயோவின் பனிக்காலத்தில், சுமத்ராவின் விலங்குக்கு, கலிஃபோர்னியாவின் அத்தி இலை. செலவை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இந்த ஞானம் வருவதற்குள் ஏழில் நான்கு போய்விட்டது. மிஞ்சிய மூன்று மூன்று ஊரில் இருந்தன. லாஸ் ஏஞ்சல்ஸில் எமி, நியூயார்க் பிராங்ஸ் பூங்காவில் ரப்புன்செல், சின்சினாட்டியில் இபூ. அமெரிக்காவில் மிஞ்சியது ஒரே ஆண், இரண்டு பெண், மூன்றுக்கும் இடையில் ஆயிரக்கணக்கான மைல். இனப்பெருக்கத் திட்டம் என்று இதற்குப் பெயர்!

அப்போதுதான் யாரோ ஒருவர் உருப்படியாக யோசித்து, மூன்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கலாம் என்றார்கள். 1995 வாக்கில் எமியும் ரப்புன்செலும் சின்சினாட்டிக்கு வந்தன. சொல்ல எளிது. ஒரு பூங்கா தன்னிடமிருக்கும் அபூர்வ விலங்கை இன்னொரு பூங்காவுக்குக் கொடுப்பது என்றால் தன் வளாகத்தைக் காலி செய்வது, பார்வையாளர்களை இழப்பது, பெயரை இழப்பது. லாஸ் ஏஞ்சல்ஸும் பிராங்ஸும் அதைச் செய்தன. இந்தக் கதையில் திருப்பம் எது என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன், 2001இல் பிறந்த கன்றை அல்ல. ரப்புன்செல் கன்று ஈனும் நிலையில் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்ததும் திரும்பவும் பிராங்ஸுக்கே போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஜோடி.

ஸ்கேன் எடுத்த கதை

1996இல் டெர்ரி ராத் என்ற விஞ்ஞானி சின்சினாட்டி பூங்காவின் ஆய்வு மையத்துக்கு வந்தார். எமியும் இபூவும் சேர மாட்டேன் என்கின்றன, சேர்த்து விட்டால் துரத்தல், மோதல், காயம். தனியாகவே வாழ்ந்து பழகிய விலங்குகள், பெண் பருவத்தில் இல்லாத நாளில் ஆண் பக்கத்தில் வந்தாலே சண்டைதான். சரி, பருவம் என்றைக்கு? அது யாருக்கும் தெரியாது. ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்து ஹார்மோன் கணக்குப் பார்த்தார்கள், ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை.

ராத் செய்தது அல்ட்ராசவுண்ட். மனிதர்களுக்கு வயிற்றில் ஜெல் தடவி எடுப்பது போல இங்கே முடியாது, தோல் தடிமன் அப்படி. கம்பித் தடுப்புப் போட்ட ஒடுக்கமான இடத்தில் விலங்கு வந்து நிற்கும், முன்னால் ஒருவர் ஆப்பிள் துண்டு, வாழைப்பழம் என்று ஊட்டிக்கொண்டே இருப்பார், பின்னால் மருத்துவர் தோள்வரை பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொண்டு, முதலில் மலக்குடலைக் கையால் காலி செய்து, அப்புறம் கருவியை உள்ளே செலுத்தி சினைப்பையைத் தேட வேண்டும். மயக்க மருந்தில்லை, கட்டிப்போடவில்லை. அரை டன்னுக்கும் மேல் எடையுள்ள ஒரு காட்டு விலங்கு பழத்துக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு நிற்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம். இந்த இனம் பழகுவதற்கு அவ்வளவு சாது என்று பராமரிப்பாளர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அந்தச் சாதுத்தனம் மட்டும் இல்லையென்றால் இந்த ஆய்வே நடந்திருக்காது.

இப்படித் தொடர்ந்து பார்த்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. எமியின் சினைப்பையில் முட்டைப்பை, அதாவது ஒரு முட்டையை உள்ளே வைத்திருக்கும் சின்னக் கொப்புளம், வளர்கிறது, ஆனால் தானாக வெடித்து முட்டை வெளியே வருவதில்லை. ஆணோடு சேர்ந்தால்தான் முட்டை வெளியாகும், பூனைக்கும் ஒட்டகத்துக்கும் இருப்பது போல. அதாவது ஆணை ஒதுக்கி வைத்துவிட்டு ஹார்மோனை மட்டும் அளந்துகொண்டிருந்தால் ஆயுசுக்கும் ஒழுங்கு பிடிபடாது. முட்டைப்பை 20 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்து விட வேண்டும், அதற்கு முன்னால் விட்டால் சண்டை. 1997இல் முதல் சினை பிடித்தது.

தங்கவில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் கலைந்தது. அடுத்ததும் கலைந்தது. இப்படி ஐந்து முறை. ஆறாவது முறை கரு தெரிந்ததும் குதிரைகளுக்குக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தை ரொட்டித் துண்டில் ஊற்றி எமிக்குத் தினமும் கொடுத்தார்கள். கரு நின்றது. ஏறக்குறைய 475 நாள் சுமந்து, முப்பத்து மூன்று கிலோ எடையில் ஈன்ற ஆண் கன்றுதான் ஆரம்பத்தில் சொன்னது. சுமத்ரா தீவின் பழைய பெயரான அண்டாலஸ் என்பதையே அதற்கு வைத்தார்கள். 2004 ஜூலை 30இல் சூச்சி என்ற பெண் கன்று, இந்த முறை மருந்தே தேவைப்படவில்லை. 2007 ஏப்ரல் 29இல் ஹரப்பான் என்ற ஆண். ஒரே தாய், ஒரே தகப்பன், மூன்று கன்று.

வளாகத்தையும் இதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. காட்டு நிழலிலேயே வாழும் விலங்கைத் திறந்தவெளியில் நிறுத்தினால் வெயில் கண்ணைக் கெடுக்கிறது என்று தெரிந்து மேலே நிழல் போட்டார்கள். பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே புது வளாகங்களைத் திட்டமிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நிழலும் சேறும் தழையும் கொடுத்தால் விலங்கு பாதி நேரம் கண்ணுக்கே படாது. அதற்குத் தயாராக இல்லாதவர்கள் இந்த மாதிரி விலங்கை வைத்திருக்கக் கூடாது.

சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்ததுதான் அடுத்த அடி. எமி 2009 செப்டம்பரில் செத்தது. காரணம் உடலில் இரும்புச் சத்து சேர்ந்து சேர்ந்து கல்லீரலைக் கெடுத்தது. காட்டு இலைகளில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் பிடித்து வைக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு, பூங்காத் தீவனத்தில் அந்தத் துவர்ப்பு குறைவு, இரும்பு அதிகம். வெளியே ஒன்றும் தெரியாது, தெரியும்போது நேரம் கடந்திருக்கும். அதே நோயில் சூச்சி 2014 மார்ச்சில் போனது; தாயின் கதை தெரிந்திருந்ததால் அறிகுறி கண்டதுமே சிகிச்சை தொடங்கினார்கள், அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. இடையில் 2013இல் இபூவும் போய்விட்டது.

அண்டாலஸ் ஊர் திரும்பியது

2007 பிப்ரவரியில், தம்பி ஹரப்பான் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, அண்டாலஸை இந்தோனேசியாவுக்கு அனுப்பினார்கள். அதற்குள் அது லாஸ் ஏஞ்சல்ஸ் பூங்காவுக்கு மாறி மூன்று, நான்கு வருடம் ஆகியிருந்தது. ஐந்து வயசு ஆண், காட்டையே பார்த்ததில்லை. பசிஃபிக் கடலைத் தாண்டி விமானத்தில் ஜகார்த்தா, அங்கிருந்து லாரி, லாரியோடு படகில் சுந்தா நீரிணையைக் கடந்து சுமத்ராவின் தென்கோடியில் லம்புங் மாகாணம், வே கம்பாஸ் தேசியப் பூங்கா.

வே கம்பாஸ் சரணாலயம் எப்படிப்பட்ட இடம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் 'புது வளாகம்' என்றால் அதுதான். 1990களின் கடைசியில், தேசியப் பூங்காவுக்கு உள்ளேயே, இயற்கையான காட்டில் 100 ஹெக்டேரை வேலி போட்டு ஒதுக்கினார்கள். ஒவ்வொரு விலங்குக்கும் ஏறக்குறைய பத்து ஹெக்டேர் காடு தனியாக. அங்கேயே நடந்து, அங்கேயே தழை ஒடித்து, தானே தோண்டிய சேற்றுக் குழியில் கிடக்கும். நடுவில் சின்ன அடைப்பு ஒன்று, மருத்துவப் பரிசோதனைக்கும் கூடுதல் தீவனத்துக்கும் அங்கே வரும். பருவம் கூடும்போது ஆணையும் பெண்ணையும் சேர்க்க வழி திறப்பார்கள். டிக்கெட் கிடையாது, பார்வையாளர் கிடையாது. ஒரு பூங்காவின் அறிவு எல்லாம் இருக்கும், ஆனால் காட்டுவதற்காகக் கட்டியது ஒன்றும் இருக்காது. பிற்பாடு அதை விரிவாக்கவும் செய்தார்கள். 1984இலேயே பிடித்த நாற்பதையும் இப்படி ஒரு இடத்தில் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பிடித்தது தப்பில்லை, கொண்டுபோன இடம்தான் தப்பு. ராபினோவிட்ஸ் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ளாத மீதிப் பாதி இதுதான்.

இந்தச் சரணாலயத்துக்கு முதலில், 1998இல், இங்கிலாந்திலிருந்து டொர்கம்பா என்ற ஆணைத் திருப்பிக் கொண்டுவந்து பீனா என்ற பெண்ணோடு விட்டார்கள். இரண்டும் சேர்ந்தன, ஆனால் டொர்கம்பாவுக்கு விந்தணு எண்ணிக்கை போதாது, ஒன்றும் நடக்கவில்லை. 2005இல் இரண்டு இளம் பெண்கள் வந்து சேர்ந்தன. ராத்து, வே கம்பாஸ் ஓரத்தில் காட்டை விட்டு ஊருக்குள் வந்துவிட்டது. ரோசா, புக்கிட் பாரிசான் செலாத்தான் காட்டில் மனிதர்களைக் கண்டு பயமே இல்லாமல் சாலையில் சுற்றிக்கொண்டிருந்தது, வேட்டைக்காரன் கையில் சிக்கிவிடும் என்று பாதுகாப்புக்காகக் கொண்டுவந்தார்கள். பெண் இருக்கிறது, தகுதியான ஆண் இல்லை. அந்த ஆண்தான் அமெரிக்காவில் பிறந்த அண்டாலஸ்.

ராத்துவுக்கும் முதல் இரண்டு கரு கலைந்தது. சின்சினாட்டியில் கற்றது இங்கே கை கொடுத்தது: அதே ஸ்கேன், அதே மருந்து. 2012 ஜூன் 23இல் அண்டாத்து பிறந்தது, அப்பன் பெயரில் பாதி, தாய் பெயரில் பாதி. 2016 மே 12இல் தங்கை டெலிலா. ஒஹாயோவில் ரொட்டித் துண்டில் ஆரம்பித்த வேலை லம்புங் காட்டில் கன்றாக நின்றது. அறிவும் ஆணும் ஒரே பயணத்தில் வந்து சேர்ந்தன என்றே சொல்லலாம்.

ஹரப்பானை ஏன் அதுவரை அமெரிக்காவில் வைத்திருந்தார்கள்? அதுவும் ஃபுளோரிடா, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று சுற்றிவிட்டு 2013இல் சின்சினாட்டிக்கே திரும்பி வந்திருந்தது. காரணம் சூச்சி. அமெரிக்காவில் மிஞ்சியது அந்த அக்காவும் தம்பியும்தான், வேறு வழியில்லாமல் இரண்டையும் சேர்ப்பது என்று பூங்கா முடிவெடுத்திருந்தது. கேட்கவே சங்கடமான முடிவு, பூங்காவுக்கும் சங்கடம்தான், அதை அவர்கள் மறைக்கவில்லை. அதற்குள் சூச்சி போய்விட, ஹரப்பானை இனி அங்கே வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை. 2015 அக்டோபர் கடைசியில் பெட்டியில் ஏறி, 16,000 கிலோமீட்டர் கடந்து, நவம்பர் தொடக்கத்தில் அண்ணன் இருக்கும் வே கம்பாஸுக்கு வந்து சேர்ந்தது. அதோடு ஆசியாவுக்கு வெளியே இந்த இனம் ஒன்றுகூட இல்லை. மூன்று கன்றுகளைப் பெற்றெடுத்த பூங்காவே கடைசி விலங்கையும் கொடுத்துவிட்டு வளாகத்தைக் காலி செய்தது. மரியாதைக்குரிய காரியம் என்று நினைக்கிறேன்.

மலேசியாவில் நடந்தது

மலேசியா கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்டிச் சொன்னால் ஆற்றாமைதான். தீபகற்பத்தில் சிலாங்கூர் மாநிலத்து சுங்கை டுசுன் மையத்தில் மிஞ்சியிருந்த ஐந்தும் 2003 கடைசியில் சில வாரத்துக்குள் அடுத்தடுத்துச் செத்தன. டிரிபனோசோமா ஒட்டுண்ணியா, சுகாதாரக் குறைவில் பரவிய பாக்டீரியாவா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. சபாவில் மூன்று கிடைத்தன. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் வந்து நின்ற தாம் என்ற ஆண், 2008இல். கண்ணியில் மாட்டி முன்னங்கால் பாதத்தை இழந்திருந்த புந்துங், 2011இல். இமான், 2014இல். பெண்கள் இரண்டுக்குமே கருப்பை கெட்டிருந்தது, ஒன்றுக்கு நீர்க்கட்டி, இன்னொன்றுக்குத் தசைக்கட்டி. இது தற்செயல் இல்லை. இந்த இனத்தில் பெண் நீண்ட காலம் சினையாகாமல் இருந்தால் கருப்பையில் கட்டி வருவது வழக்கம். காட்டில் துணை கிடைக்காமல் தனியாகத் திரிந்தாலும் சரி, பூங்காவில் ஆண் இல்லாமல் அடைத்து வைத்தாலும் சரி, கதி ஒன்றுதான். 'கொஞ்ச நாள் பாதுகாப்பாக வைத்திருப்போம், ஜோடியை அப்புறம் பார்க்கலாம்' என்பதற்கு இந்த விலங்கிடம் இடமே இல்லை. காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் கருப்பையில் கணக்கு எழுதப்படுகிறது.

தாமின் விந்தணு தரம் போதவில்லை. இந்தோனேசிய ஆணின் விந்தணுவை வாங்கி இமானின் முட்டையோடு ஆய்வகத்தில் சேர்த்துப் பார்க்கலாம் என்று மலேசியா வருடக்கணக்கில் பேசியது. கடிதம், கூட்டம், வரைவு ஒப்பந்தம். 2017 ஜூனில் புந்துங் போனது, 2019 மே மாதம் தாம், அதே வருடம் நவம்பர் 23இல் இமான். மலேசியாவில் இந்த இனம் முடிந்தது. தாமின் தோல் செல்லிலிருந்து, வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய குருத்தணு வளர்த்திருப்பதாக பெர்லின் ஆய்வாளர்கள் 2022இல் அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அந்த விலங்கு உயிரோடு இருந்தபோது ஒரு குப்பி விந்தணு எல்லை தாண்ட முடியாமல் போனதற்கு அது ஈடாகாது.

இப்போது யாரை யாரோடு சேர்ப்பது

2005இல் வந்த ரோசாவுக்கு எட்டு முறை கரு கலைந்தது. மனிதர்களோடு பழகியே வளர்ந்ததால் ஆணை ஏற்றுக்கொள்ளவே அதற்கு வருடங்கள் ஆயின. கடைசியில் 2022 மார்ச் 24இல், அண்டாத்துவோடு சேர்ந்து, சேடா மிரா என்ற பெண் கன்றை ஈன்றது. 2023 செப்டம்பர் 30இல் ராத்துவுக்கு அண்டாலஸ் மூலம் இன்னொரு பெண், ஆங்கி. அதே வருடம் நவம்பர் 25இல் டெலிலாவுக்கு ஹரப்பான் மூலம் ஆண் கன்று, இந்த்ரா. வே கம்பாஸில் பத்து ஆனது. கொண்டாட வேண்டிய எண்ணிக்கை, சந்தேகமில்லை. காட்டிலோ, 80க்கும் குறைவு என்று பல வருடமாகச் சொல்லிவந்த கணக்கு 2022இல் 34இலிருந்து 47க்குள் என்று இறங்கிவிட்டது. அப்படிப் பார்த்தால் உலகத்தில் உள்ளதில் ஐந்தில் ஒன்று இந்த ஒரே சரணாலயத்தில் இருக்கிறது.

ஆனால் உறவுமுறையைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள், நம் ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். ஹரப்பான் டெலிலாவுக்கு யார்? அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, சித்தப்பா. தாய்மாமனாக இருந்தாலாவது நம் பக்கம் ஒருகாலத்தில் கேள்வி கேட்க மாட்டார்கள், சித்தப்பா முறையில் எந்த ஊரிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மரபணுவுக்கோ தாய்மாமன், சித்தப்பா என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது, இரண்டுக்கும் ஒரே அளவு நெருக்கம்தான். இந்த்ராவின் உடம்பில் முக்கால் பங்கு எமி, இபூவின் ரத்தம், மிச்சம் கால் பங்கு ராத்து. சரணாலயத்தில் பிறந்த ஐந்தும் எமி, இபூ, ராத்து, ரோசா என்ற நான்கே நான்கு மூதாதைகளுக்குள் முடிந்துவிடுகின்றன, அதிலும் எமி, இபூ வம்சம் எல்லாவற்றிலும் இருக்கிறது. பீனாவுக்கு வாரிசே இல்லை.

ஆங்கி இந்த்ராவை விட இரண்டு மாதமே மூத்தது, ஆனால் முறைக்குச் சித்தி. சேடா மிரா இந்த்ராவுக்கு மாமன் மகள், நம் கணக்கில் முறைப்பெண்! நாளைக்கு வேறு வழியில்லை என்றால் இந்த ஜோடிதான் முன்னுக்கு வரும். ஆனால் ரோசாவின் ரத்தம் ஓடுவது சேடா மிராவில் மட்டும்தான், அதை மறுபடியும் எமி வம்சத்தோடேயே கலந்தால் இருக்கிற ஒரே புது வரவையும் நீர்க்கவைத்த மாதிரி ஆகும். சேடா மிராவுக்குக் காட்டிலிருந்து வந்த ஆண் வேண்டும். அப்படி ஆண் இருக்கும் இடம் வடக்கே அச்சே மாகாணத்து லெய்சர் காடு, இந்த இனம் இன்னும் கொஞ்சம் கணிசமாக மிஞ்சியிருப்பது அங்கேதான். அங்கே தனியாக ஒரு சரணாலயம் அமைக்கும் திட்டமும் இருக்கிறது. அமையட்டும், நல்லது, ஆனால் அங்கே பிடிபடும் முதல் இளம் ஆணை அங்கேயே நிறுத்திக்கொண்டு, பெண் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் மூன்று ஊரில் மூன்று விலங்கு வைத்திருந்த பழைய கதைதான். போர்னியோவில் இந்தோனேசியப் பகுதியில் 2018இல் பிடித்த பாஹு என்ற பெண்ணைக் கொண்டுபோய் வைத்தபோது அங்கே ஆண் எதுவும் இல்லை. சேடா மிரா பருவத்துக்கு வர இன்னும் சில வருடம் ஆகும். அச்சேயின் ஆண் லம்புங்குக்கு வர வேண்டும், அல்லது சேடா மிரா அச்சேக்குப் போக வேண்டும். எது என்பதை அது பருவத்துக்கு வருவதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.